உத்தரவு வராத உடம்பு

ஒருவருக்கு முதுமை மறதி நோய் என்று எழுதுவதற்கு முன்னால், சரிசெய்யக்கூடிய வேறு காரணம் எதுவும் இல்லை என்று பார்த்துத் தீர்த்துக்கொள்ள வேண்டும். தைராய்டு குறைந்திருக்கிறதா, இரத்தத்தில் உப்பு குறைந்திருக்கிறதா, மற்ற சுரப்பிகள் வேலை செய்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் தள்ளிய பிறகுதான் அந்தச் சொல்லை எழுதலாம். இது நான் போட்ட விதி அல்ல. மருத்துவ மாணவர்கள் படிக்கும் பாடத்தில் இருப்பது. உடம்பு தேறியதும் நானே தேடிப் படித்து உறுதிசெய்துகொண்டேன். என் உத்தியோகத்திலும் இதே மாதிரி ஒரு விதி உண்டு: விளக்கம் கேட்காமல் யாருக்கும் தண்டனை கொடுக்கக் கூடாது. இரண்டு விதிகளும் ஒரே லட்சணத்தில்தான் கடைப்பிடிக்கப்படுகின்றன.

நான் வருவாய்த் துறையில் எழுத்தராகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன். கள்ளக்குறிச்சியில் சொந்த வீடு. மனைவி பூங்காவனம். ஒரே மகன் குணசேகரன், சென்னையில் ஒரு தனியார் கம்பெனியின் தணிக்கைப் பிரிவில் இருக்கிறான். பிறர் எழுதிய கணக்கை நம்பாமல் இருப்பதற்கு அவனுக்குச் சம்பளம் தருகிறார்கள். எனக்கும் அதற்குத்தான் தந்தார்கள்.

நோய் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் சொல்ல முடியாது. அது கதவைத் தட்டிக்கொண்டு வரவில்லை. சித்திரை வெயிலில் கள்ளக்குறிச்சியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரே ஆள் நான்தான். மின்விசிறியைப் போட்டால் சண்டை பிடிப்பேன். பூங்காவனம் விசிறிக்காகவே பக்கத்து அறையில் படுக்க ஆரம்பித்தாள். காலையில் எழுந்து உட்காரவே மனம் வராது. செய்தித்தாளில் முதல் வரியைப் படித்து முடிப்பதற்குள் அது எதைப் பற்றிய வரி என்பது நழுவிப் போகும். சாப்பாட்டில் ருசி இல்லை. எண்ணெயை மாற்றிவிட்டாயா என்று அவளைக் கேட்டேன். இல்லை என்றாள். நான் நம்பவில்லை. சமையலறைக்குப் போய் டின்னை முகர்ந்து பார்த்தேன்.

பென்ஷன்காரர்கள் வருடத்துக்கு ஒரு முறை, தாங்கள் இன்னும் உயிரோடிருப்பதாக நேரில் போய்க் காட்டிவிட்டு வர வேண்டும். அந்த வருடம் காட்டிவிட்டு வெளியே வந்து, கருவூலத்து பெஞ்சில் உட்கார்ந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. வழி தெரியாமல் இல்லை, கால் வரவில்லை. சாயங்காலம் அலுவலகத்தைப் பூட்ட வந்த காவலாளி, பெரியவர் வீட்டுக்குப் போகத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று என் மகனுக்கே போன் போட்டுவிட்டார். உயிரோடிருப்பதை நிரூபிக்கப் போன இடத்தில் புத்தி இல்லை என்பது நிரூபணமாகிவிட்டது.

குணசேகரன் மறுநாளே வந்து, ஊரில் பெயர் வாங்கிய ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு என்னை அழைத்துப் போனான். காத்திருக்கும் அறையில் எங்களுக்கு முன்னால் வடக்கனந்தலிலிருந்து ஒரு பெரிய குடும்பம். அந்த வீட்டுப் பெரியவருக்கும் எனக்கும் ஒரே வயதுதான் இருக்கும். அவர் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார், நான் பேசவில்லை. வந்தவர்கள் எல்லாரும் என்னைத்தான் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

டாக்டர் நல்ல மனிதர் மாதிரிதான் தெரிந்தார். அதனாலேயே எனக்குச் சந்தேகம். இன்று என்ன கிழமை என்று கேட்டார். யோசித்துச் சொன்னேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். இரண்டு படி இறங்கியதும் களைப்பாக இருந்தது, நிறுத்திவிட்டேன். பிறகு, நீங்கள் இருப்பது எந்த மாவட்டம் என்றார். எந்த வருடத்துக் கணக்குப்படி என்று திருப்பிக் கேட்டேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இந்த இடம் தென்னார்க்காடு, ஓய்வு பெறும்போது விழுப்புரம், இப்போது கள்ளக்குறிச்சி. வீட்டை நகர்த்தாமலே மூன்று மாவட்டத்தில் குடியிருந்தவன் நான். அவர் மகனைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, குழப்பம் என்று எழுதிக்கொண்டார்.

ஸ்கேன் எடுத்தார்கள். மூளை வயதுக்கேற்றபடி சுருங்கியிருப்பதாக வந்தது. வயதுக்கேற்றபடி என்றால் பிறகு அதில் என்ன குற்றம் என்று நான் கேட்கவில்லை. இரத்தத்தில் தைராய்டுக்காக டி.எஸ்.எச். என்ற ஒரே ஒரு சோதனை செய்தார்கள். நார்மல். அவ்வளவுதான் விசாரணை. முதுமை மறதி நோய் என்று சுருக்கத் தாளில் ஒரு வரி எழுதி, மாத்திரையும் எழுதி, கையெழுத்துப் போட்டார்.

கோப்பில் முதலில் எழுதுகிறவன் எழுதியதைத்தான் பிறகு வருகிற எல்லாரும் எழுதுவார்கள். எனக்குத் தெரியும், நானும் எழுதியிருக்கிறேன். அந்த ஒரு வரிக்குப் பிறகு என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. சாப்பிட்டாரா என்று பூங்காவனத்தைக் கேட்பார்கள். தூங்கினாரா என்று அவளைக் கேட்பார்கள். நான் எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன்.

மகன் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஓர் இல்லத்தில் எனக்கு இடம் பேசியிருந்தான். மறதி உள்ள முதியவர்களுக்கென்றே நடத்துவது. மாசி பிறந்ததும் என்னை அங்கே சேர்த்துவிட்டு, அம்மாவைத் தன்னோடு கூட்டிப்போவதாக ஏற்பாடு. போனில் படங்களைக் காட்டினான். தோட்டம் இருந்தது, ஊஞ்சல் இருந்தது, வெள்ளை உடுப்பில் சிரிக்கிற பெண்கள் இருந்தார்கள். எல்லா அறைகளுக்கும் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன். அவன் கெட்டவன் இல்லை. பயந்துபோயிருந்தான். பயந்தவர்கள் போடும் உத்தரவுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். தைராய்டு என்பது கழுத்தில் இருக்கும் சுரப்பி. உடம்பு எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. அதில் ஊறுகிற சரக்கின் பெயர் டி-4. டி.எஸ்.எச். என்பது தைராய்டில் ஊறுவதே இல்லை. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறது. தைராய்டுக்கு அது அனுப்புகிற உத்தரவுதான் டி.எஸ்.எச். கீழே வேலை குறைந்தால் மேலிருந்து உத்தரவு ஏறும், ஜாஸ்தியானால் இறங்கும். அதனால் உத்தரவை மட்டும் பார்த்தாலே கீழே நடப்பதைத் தெரிந்துகொள்ளலாம் என்பது நம்பிக்கை.

சோதனைத் தாளின் பின்பக்கத்தில் அச்சிட்டிருந்த இந்த நம்பிக்கையை, வரி நழுவ நழுவத் திரும்பத் திரும்பப் படித்தபோதுதான் எனக்குச் சந்தேகம் விழுந்தது. கலெக்டர் அலுவலகத்திலிருந்து நினைவூட்டல் எதுவும் வரவில்லை என்பதற்காக, தாலுகாவில் வேலை ஒழுங்காக நடக்கிறது என்று யாராவது எழுதுவார்களா? மேலே உட்கார்ந்திருப்பவரே தூங்கிக்கொண்டிருந்தால்? பூங்காவனத்துக்குத் தெரியாமல் ஷேர் ஆட்டோ பிடித்து பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த வேறொரு பரிசோதனை நிலையத்துக்குப் போனேன். நின்று நின்றுதான் போக முடிந்தது. டி-4 மிகக் குறைவு என்று வந்தது. டி.எஸ்.எச். அதே நார்மல்.

தாளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். இரண்டில் ஒரு ரிப்போர்ட் தவறாக இருக்கும் என்றார். இருந்தாலும் உங்கள் திருப்திக்கு என்று தைராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மறதி நோய் என்ற வரியை அடிக்கவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, அந்த மாத்திரையைத் தவறாமல் விழுங்கினேன். அதைவிட வேகமாக என்னைத் தீர்த்துக்கட்ட வேறு வழி கிடையாது என்று பிறகுதான் தெரிந்தது.

அந்த வாரக் கடைசியில் இல்லத்தை நேரில் பார்க்கலாம் என்று மகன் கூப்பிட்டான். நானும் பூங்காவனமும் பஸ் ஏறினோம். ஏறும்போதே குமட்டல். உளுந்தூர்பேட்டையில் டீக்கு நிறுத்தினார்கள். லாரிகள் நிற்கும் இடத்தைத் தாண்டி ஹோட்டல் வாசல்வரை நடந்தது ஞாபகம் இருக்கிறது. பிறகு தரை. என் தலை பூங்காவனத்தின் மடியில் இருந்தது. யாரோ ஒரு லாரி டிரைவர் சோடாவை உடைத்துக்கொண்டிருந்தார். குடித்திருக்கிறாரா என்று ஒருவர் கேட்க, உன் மூஞ்சி, அவுரு காபியே குடிக்கமாட்டாரு என்று அவள் சொன்னது காதில் விழுந்தது.

அந்த ஊர் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, ட்ரிப் ஏற்றி, ஆம்புலன்ஸில் பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இரத்த அழுத்தம் எடுக்கிற கருவியில் எண் வரவில்லை என்று நர்ஸ் இரண்டு முறை மாற்றிக் கட்டினார். கருவி சரியாகத்தான் இருந்திருக்கிறது. இரத்தத்தில் சோடியம் என்ற உப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தது. அது இறங்கினால் மூளை நீர் கோத்துக்கொள்ளும், பேச்சு தடுமாறும். எனக்கு என்னென்னவோ தோன்றியது. செருப்பைத் திருடிவிட்டார்கள் என்றேன். பக்கத்துக் கட்டில்காரர் என் மகன் அனுப்பிய ஆள் என்றேன். செருப்பு கட்டிலுக்கு அடியில் இருந்தது. பக்கத்துக் கட்டில்காரர் நெய்வேலிக்காரர், பாவம், சிறுநீரகக் கல்லோடு படுத்திருந்தார். என் சந்தேகங்களில் எவையெல்லாம் நோய், எவையெல்லாம் நான் என்று இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பணியிலிருந்த இளம் டாக்டர் கள்ளக்குறிச்சித் தாளைப் பார்த்து, மறதி நோயாளி என்று முதல் வரியாக எழுதிக்கொண்டார். எதிர்பார்த்ததுதான்.

காலையில் ஹார்மோன் பிரிவின் தலைவரான ஓர் அம்மா சுற்றுக்கு வந்தார். இளம் டாக்டர் தாளை நீட்டினார். அந்த அம்மா அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, குனிந்து என் முகத்தைப் பார்த்தார். கன்னத்தைத் தடவிப் பார்த்தார். எனக்குப் பிடிக்கவில்லை.

"ஐயா, எத்தன நாளைக்கு ஒரு தடவ ஷேவ் பண்ணுவீங்க?"

என்னை ஒருவர் நேராகக் கேள்வி கேட்டு மாதங்கள் ஆகியிருந்தன. மாதத்துக்கு ஒரு முறை, அதுவும் பழக்கத்துக்காக என்றேன். கல்யாணத்தின்போதும் அப்படித்தானா என்றார். அப்போது தினமும் என்றேன். வயதானால் தாடி நரைக்கும், நின்றுபோகாது ஐயா என்றார். குளிர் தாங்குகிறதா, தோல் எப்போதிலிருந்து இப்படி வெளுத்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்டார். இதற்கு முன்னால் பெரிய நோய் ஏதாவது வந்து படுத்திருக்கிறீர்களா?

இல்லை என்றேன்.

தணிக்கைக் குறிப்புகளுக்குப் பதில் எழுதி வளர்ந்தவர்களுக்கு இது புரியும். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுத வேண்டும். கூட ஒரு வார்த்தை எழுதினால் அதிலிருந்து அடுத்த கேள்வி முளைக்கும். எத்தனையோ இளம் எழுத்தர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு நடந்தது நோய் இல்லை. பணியின்போது ஏற்பட்ட விபத்து என்று வகைப்படுத்தி, அதற்கென்று தனி விடுப்பே கொடுத்தார்கள். நோய் வந்ததா என்றால், இல்லை. பதில் விதிப்படி முற்றிலும் சரி. அந்தச் சரியான பதிலோடு நான் செத்துப்போயிருப்பேன்.

அந்த அம்மா பூங்காவனத்தைப் பார்த்தார். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு சுவரைப் பார்த்தாள். இதை நான் கவனித்தேன். பழைய விஷயங்களை எந்த டாக்டர் கேட்டாலும் அவள் இப்படித்தான் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கள்ளக்குறிச்சியிலும் அதே சுவர்ப் பார்வைதான். என்னிடமிருந்து எதையோ மறைக்கிறாள், மகனும் இதில் கூட்டு என்று எனக்கு உறுதியாகத் தோன்றியிருந்தது.

அந்த அம்மா அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். பூங்காவனம் எழுந்து பின்னாலேயே போனாள்.

"டாக்டரம்மா, ஒண்ணு சொல்லணும். சொல்லக் கூடாதுன்னு வேண்டிக்கினு இருக்கேன். இவுரு பொழச்சி வந்தா அந்தப் பேச்சையே வாயில எடுக்கமாட்டேன்னு அம்மனாண்ட சொல்லிட்டு வந்தேன். எங்க புள்ளைக்கே தெரியாது."

"சொல்லுங்கம்மா."

"மலையில இவுர பாம்பு கடிச்சிது. விரியன். புள்ள அப்ப கைக்கொழந்த." இதைச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "வேண்டுதல் எனக்குத்தான? நீங்க வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?"

"கேக்கலையே" என்றேன்.

"கேக்கலையாம். நல்லா இருக்குது ஞாயம்."

இளம் டாக்டர் சிரித்துவிட்டார். அந்த அம்மா சிரிக்கவில்லை. வைத்திருந்த தாளை அவரிடம் கொடுத்து, உடனே ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போடச் சொன்னார். போடுவதற்கு முன்னால் இரத்தம் எடுத்து வைத்துக்கொள்ளவும், தைராய்டு மாத்திரையை நிறுத்தவும் சொன்னார்.

அப்போது நான் கல்வராயன் மலைக்கு வருவாய் ஆய்வாளர். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூரில் சாதிச் சான்று விசாரணை. விசாரணை முடிந்து, சாமை அறுத்த கொல்லை வழியாகத் திரும்பும்போது கணுக்காலில் முள் குத்தியதுபோல் இருந்தது. கூட வந்த ஊர்க்காரர்கள் கண்ணாடி விரியனைப் பார்த்துவிட்டார்கள். போர்வையைக் கழியில் கட்டி அதில் என்னைக் கிடத்தி, மாறி மாறித் தோள் கொடுத்து, கச்சிராயபாளையம்வரை சுமந்து வந்தார்கள். அந்தக் கால மலைப் பாதை. ஈறில் இரத்தம் வந்தது. சிறுநீர் நின்றுபோய், உடம்பெல்லாம் வீங்கி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரத்தத்தைச் சுத்தம் செய்யும் கருவியில் போட்டு எடுத்தார்கள். பிழைத்தேன். வேலைக்குத் திரும்பினேன். எனக்குத் தெரிந்து அந்தக் கோப்பு அத்தோடு முடிந்தது.

முடியவில்லை என்பதை அந்த அம்மா பிற்பகலில் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கினார். விரியன் விஷம் நுண்ணிய இரத்தக் குழாய்களில் இரத்தத்தை உறைய வைக்கும், கசியவும் வைக்கும். சிறுநீரகத்துக்கு என்ன நடந்ததோ அதுவே பிட்யூட்டரிக்கும் நடக்கலாம். சிறுநீரகம் நின்றால் உடனே தெரியும். பிட்யூட்டரி அப்படியில்லை. பாதி அழிந்த நிலையிலும் மிச்சத்தை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டும். முதலில் ஆண்மைக்கான உத்தரவு நிற்கும், தாடி நிற்கும். பிறகு தைராய்டுக்கான உத்தரவு. பிறகு அட்ரினலுக்கானது. அட்ரினல் என்பது சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பி. அது கார்ட்டிசால் என்ற ஒன்றைச் சுரக்கிறது. இரத்த அழுத்தம், சர்க்கரை, உப்பு எல்லாவற்றையும் கீழே விழாமல் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். காய்ச்சல், காயம், பயம் எது வந்தாலும் சமாளிப்பது அதன் பலத்தில்தான்.

அப்படியானால் தைராய்டு மாத்திரை ஏன் என்னைக் கீழே தள்ளியது என்று கேட்டேன். கார்ட்டிசால் கொஞ்சம்தான் ஊறிக்கொண்டிருந்தது, உடம்பும் மெதுவாக ஓடியதால் அது போதுமாக இருந்தது, மாத்திரை உடம்பை வேகமாக ஓட்டி அந்தக் கொஞ்சத்தையும் செலவழித்துவிட்டது என்றார். முதலில் கார்ட்டிசால், அதற்குப் பிறகே தைராய்டு. வரிசை மாறக் கூடாது. வரிசை மாற்றிக் கையெழுத்தான கோப்பு என்னவாகும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்த பூங்காவனம் மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ, ரெண்டாவது புள்ள நிக்காததுக்கும் இதானா டாக்டரம்மா?"

"இதாத்தான் இருக்கும்மா. உங்ககிட்ட எந்தக் கொறையும் இருந்திருக்காது."

ரிஷிவந்தியம் கோயிலுக்கு எத்தனை தடவை நடந்திருப்பேன் என்று மட்டும் சொன்னாள். ஊரிலும் உறவிலும் யார் யார் அவளை என்னென்ன கேட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அவள் ஒன்றையும் சொல்லிக்காட்டவில்லை. சாத்துக்குடியை உரித்துச் சுளை சுளையாக என் கையில் வைத்தாள். எப்போதும் கொட்டை எடுத்துக் கொடுப்பாள். அன்று எடுக்கவில்லை. நான் கொட்டையோடு தின்றேன்.

ஊசி போட்ட மறுநாள் பசித்தது. அந்தச் சொல்லை நான் பயன்படுத்தி எத்தனையோ நாள் ஆகியிருந்தது. இட்லி வந்தது, ருசித்தது. எண்ணெயின்மேல் வைத்த குற்றச்சாட்டை மனதுக்குள் வாபஸ் வாங்கினேன். சாயங்காலம் கட்டில் அட்டையை எடுத்துப் பார்த்து, ஊசி போட்ட நேரம் முன்னுக்குப் பின் எழுதியிருப்பதாக நர்ஸிடம் சொன்னேன். அவர் பூங்காவனத்தைப் பார்த்து, ஐயாவுக்குத் தேவலையா என்று கேட்டார். தேவலை, பழைய மாதிரியே உயிர எடுக்கறாரு என்றாள்.

சோதனைகள் வந்து சேர்ந்தன. முதல் நாள் எடுத்து வைத்த இரத்தத்தில் கார்ட்டிசால் பெயருக்குத்தான் இருந்தது. தலையில் எடுத்த படத்தில் பிட்யூட்டரி உட்காரும் எலும்புக் குழி கிட்டத்தட்டக் காலி. வாழ்நாள் முழுதும் கார்ட்டிசால் மாத்திரை, அதற்குப் பின்னால் தைராய்டு மாத்திரை, காய்ச்சல் வந்தால் முதல் மாத்திரையை இரட்டிப்பாக்க வேண்டும், வாந்தி வந்தால் ஊசி. இதையெல்லாம் எழுதிய அட்டை ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அலுவலகம் காலியாகிவிட்டதால் உத்தரவுகளை இனி வெளியிலிருந்து நானே போட்டுக்கொள்ள வேண்டும். எனக்கு ஆட்சேபணை இல்லை.

செய்தி கேட்டு வந்த குணசேகரன் ஆஸ்பத்திரியில் நல்லபடியாகவே நடந்துகொண்டான். ராத்திரி முழுதும் நாற்காலியில் உட்கார்ந்து என் கால் மரத்துப்போகாமல் பிடித்துவிட்டான். பாம்புக் கதையை முதல் தடவையாகக் கேட்டு, என்கிட்ட சொல்லவே இல்லையே என்று அம்மாவிடம் கோபித்துக்கொண்டான். ஆனால் இல்லத்தில் பேசிய இடத்தை விடவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு நான் கேட்டேன்.

"கோச்சிக்காதீங்கப்பா. ஸ்டீராய்டு போட்டா கொஞ்ச நாளு அப்படித்தான் சுறுசுறுப்பா இருப்பாங்களாம். அப்புறம் பழையபடி ஆயிடுமாம். எங்க ஆபீஸ்ல ஒருத்தரு சொன்னாரு."

"பாண்டிச்சேரியில எழுதிக் குடுத்தத நீ படிக்கலையா?"

"படிச்சேன். ஆனா மறதி நோய்னு எழுதனவரு அது தப்புன்னு சொல்லலையே. ரெண்டு பேரு ரெண்டு மாதிரி எழுதியிருக்காங்க. எத நம்பறது? அவுரே மாத்தி எழுதிக் குடுக்கட்டும், அன்னைக்கே கேன்சல் பண்றேன்."

முரண்பட்ட இரண்டு அறிக்கைகள் இருந்தால் முதலில் கொடுத்தவரிடமே விளக்கம் கேட்க வேண்டும் என்பது நான் அவனுக்குச் சொல்லிக் கொடுக்காமலே அவனுக்கு வந்திருந்தது. இதற்கு எந்தச் சுரப்பி பொறுப்பு என்று தெரியவில்லை.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு மனு எழுதினேன். பாண்டிச்சேரி அறிக்கைகளை இணைத்து, இன்ன காரணத்தால் முந்தைய முடிவைத் திருத்த வேண்டும் என்று கேட்டேன். குற்றம் சொல்லும் வார்த்தை ஒன்றுகூட வைக்கவில்லை. குற்றம் சொன்னால் பதில் வராது, வக்கீல்தான் வருவார். பதில் இல்லை. நேரில் போனேன். வரவேற்பில் இருந்த பெண் என் பெயரைக் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, கூட யாரும் வரலையா தாத்தா என்று கேட்டாள். உள்ளே விடவில்லை. நோயாளி தனியாக வந்தால் வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் வழக்கமாம். பூங்காவனத்துக்குப் போன் போனது. அவள் ஆட்டோவில் வந்து, காணாமல்போன பிள்ளையைக் கூட்டிப்போவதுபோல் என்னைக் கூட்டிப்போனாள். வழியில், சிரிக்கக் கூடாது என்று அவள் முயற்சி செய்துகொண்டிருந்தது தெரிந்தது.

நினைவூட்டல் அனுப்பினேன். பொங்கல் வந்தது, போயிற்று. மருமகள் எனக்கு இல்லத்துக்குக் கொண்டுபோக இரண்டு கம்பளியும் ஒரு புதுப் பெட்டியும் அனுப்பினாள். பெட்டி நடுவீட்டில் இருந்தது. பூங்காவனம் அதைத் திறக்கவும் இல்லை, ஓரமாக நகர்த்தவும் இல்லை. காலையில் எழுந்ததும் மாத்திரை போட்டு, செய்தித்தாளைக் கடைசி வரிவரை படித்து, படித்ததை அவளுக்குச் சொல்வேன். சந்தேகம் எனக்கும் இருந்தது. ஆபீஸில் ஒருத்தர் சொன்னது உண்மையாக இருந்துவிட்டால்? ஏதாவது ஒரு பெயர் சட்டென்று வராவிட்டால் உடனே கணக்கில் இறங்குவேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துப் பார்ப்பேன். குளிக்கும்போது, கடைக்குப் போகும்போது, அவள் கோலம் போடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது. ஒவ்வொரு தடவையும் சரியாக மிச்சம் இரண்டில் வந்து நிற்பேன். நின்றபிறகும் நம்பாமல் இன்னொரு முறை கழிப்பேன்.

மூன்றாவது கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, நகலைப் பாண்டிச்சேரி அம்மாவுக்கும் வைத்தேன். அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. போனில் பேசியிருக்கலாம்.

தபால்காரர் உறையைப் பூங்காவனத்திடம் கொடுத்துவிட்டுப் போனார். அவள் பிரிக்காமல் கொண்டுவந்து என் கையில் வைத்துவிட்டு, எதிரிலேயே நின்றாள். ஒரே பக்கம். புதிய பரிசோதனைகளின்படி நோயாளிக்குப் பாம்புக்கடியால் ஏற்பட்ட பிட்யூட்டரிக் குறைபாடு என்பது தெளிவாவதாகவும், மறதி நோய் என்று முன்பு எழுதியது திரும்பப் பெறப்படுவதாகவும் இருந்தது. கீழே அந்த டாக்டரின் கையெழுத்து, முத்திரை. வருத்தம் என்ற சொல் எங்கும் இல்லை. இருந்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன்.

சும்மா விடுவேனா, இன்னொரு முறை படித்தேன். என் வயதை ஏழு வருடம் குறைத்துப் போட்டிருந்தார்கள். என் தகப்பனார் பெயர் வேறு யாருடையதோ. விதிப்படி இந்தத் தாள் செல்லாது. அடையாளம் பொருந்தவில்லை என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். என் உத்தியோகத்தில் இதைவிடச் சின்னப் பிழைக்கெல்லாம் ஜனங்களை இரண்டாவது தடவை நடக்க வைத்திருக்கிறேன். மாசி பிறக்க இன்னும் ஒரே ஒரு நாள் இடையில் இருந்தது.

இன்னாங்க, சரியா இருக்குதா என்றாள் பூங்காவனம்.

சரியாக இருக்கிறது என்றேன். தாளைப் படம் எடுத்து மகனுக்கு அனுப்பச் சொன்னேன். அனுப்பினாள். அவன் தணிக்கைக்காரன், பிழையைக் கட்டாயம் பார்த்திருப்பான். கொஞ்ச நேரம் கழித்து போன் வந்தது. இல்லத்துக்குச் சொல்லிவிட்டதாகச் சொன்னான். வயதைப் பற்றியோ தாத்தா பெயரைப் பற்றியோ அவனும் எதுவும் கேட்கவில்லை.

பேனாவை எடுத்து, பெறப்பட்டது என்று கடிதத்தின் மூலையில் எழுதி, தேதியைப் போட்டேன்: பிப்ரவரி பதினொன்று, செவ்வாய்க்கிழமை.